மாவுக்கட்டுக்குள்ளே ஒரு தூதர்

அசையாதீங்க சார். கட்டைவிரல் மட்டும் போதும். மேல தூக்குனா எல்லாம் சரி, கீழ காட்டுனா மூச்சு முட்டுது. அதத்தானே பேசி வச்சோம். இது என்ன, நடுவுல படுக்க வச்சிருக்கீங்க? நடுவுல வச்சா என்ன அர்த்தம்னு நாம பேசிக்கலையே. சுமாரா? சரி, சுமார்னு எடுத்துக்கறேன். தலையச் சுத்தி இவ்வளவு மாவுக்கட்டு போட்டா யாரா இருந்தாலும் சுமாராத்தான் இருக்கும்.

நான்தான், டெஸ்மண்ட். நோரீன் அடுத்த சட்டி பிளாஸ்டர் கலக்கப் போயிருக்கா. கண்ணு, வாய், காது எல்லாத்தையும் பூசியாச்சு. மூக்குல ரெண்டு ஓட்டை விட்டிருக்கா, அது போதும், அதுல ஒரு மனுஷன் தாராளமா வாழலாம். முதல்ல பூசுன அந்தப் பசை பல் டாக்டர் அச்செடுக்கறதுதான், அதான் புதினா வாசம். நான் பேசறது தண்ணிக்கடியில யாரோ பேசற மாதிரி இருக்கும். ஆனா கேக்கும். கேக்குதா? ஆங், அப்படித் தூக்குங்க விரல.

விஷயம் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிடறேன். நான் நடிச்ச பழைய விண்வெளித் தொடர மறுபடி எடுக்கறாங்க, என்னோட தூதர் வேஷம் இப்ப உங்களுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரைஸ் நிக்கிறான். தயாரிப்பாளருங்கள்ல சின்னவன், தொப்பிய வீட்டுக்குள்ளயும் கழட்டாதவன். இன்னிக்கு இந்த அச்சு முழுசா வரலேன்னா ரப்பர் தலையே வேண்டாம், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சுக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அப்படிப் போச்சுன்னா உங்களுக்கு வேஷம் கிடையாது. யாராவது ஒரு சின்னப் பையனுக்குச் சாம்பல் கலர் பைஜாமாவ மாட்டி, கம்ப்யூட்டருக்கு அடையாளமா மூஞ்சியெல்லாம் புள்ளி வச்சு நிக்க வச்சிடுவாங்க. நோரீன் பட்டறையப் பூட்டிட்டு ரிச்மண்ட்ல தங்கச்சியோட பூக்கடையில உக்கார வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு அச்சு உடைஞ்சாச்சு. அது என்னால. போன வாரம் இதே நாற்காலியில நான் உக்காந்தேன், சரிப்பட்டு வரல. முதுகு. பேப்பருக்கும் முதுகுன்னுதான் குடுத்திருக்கு. அதனால இது இறுகுற வரைக்கும் நீங்க கல்லு மாதிரி உக்காரணும், நான் பேசிக்கிட்டே இருக்கணும். இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வேல அவ்வளவுதான். உங்க வேலதான் கஷ்டம், ஒத்துக்கறேன். என் வேல எனக்குச் சுலபம்னு என்னைத் தெரிஞ்ச எல்லாரும் சொல்லுவாங்க.

என்ன பேசலாம்? நீங்க மேடை நாடகக்காரர். ராஜா, ராஜாவுக்கு அப்பன், ராஜாவக் கொன்னவன் எல்லாம் போட்டுட்டு வந்திருக்கீங்க. தூதர் குர்லாப் வேஷம் எனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டா சிரிப்பீங்க. சிரிக்காதீங்க, உடைஞ்சிடும். உள்ளுக்குள்ள சிரிச்சுக்குங்க.

நான் சஸ்காட்செவன்லேர்ந்து வந்த புதுசுல மெத்தை விளம்பரம்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். டிவில படுத்து எந்திரிச்சு, முதுகு வலி போயிடுச்சுன்னு சொல்லுவேன். அப்ப ‘கடைசித் துறைமுகம்’னு ஒரு விண்வெளித் தொடர் ஆரம்பிக்கறாங்க, உயரமா ஆள் வேணும்னாங்க. போனேன். இதே பர்னபியில, இந்தக் கொட்டகையிலதான். வரிசையில அத்தன பேர் நிக்கறோம், ஆளாளுக்கு வசனத்த முணுமுணுத்துக்கிட்டு. உள்ள போனா யாரும் வசனம் கேக்கல. ஒரு அம்மா டேப்ப எடுத்து என் தலையச் சுத்தி அளந்தாங்க. காதுக்குக் காது அளந்தாங்க. அப்புறம் ஒரு ரப்பர் மண்டையத் தூக்கிட்டு வந்து மாட்டுனாங்க. பொருந்திடுச்சு. கை தட்டுனாங்க சார். வேற ஏதோ படத்துக்குச் செஞ்சு, அந்தப் படம் நின்னு போய், மண்டை மட்டும் மிச்சமாயிருக்கு. புதுசா செய்யக் காசில்ல. அதான் மண்டைக்கு ஆள் தேடியிருக்காங்க. நடிப்பப் பாத்துத்தான் எடுத்தாங்கன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன். எந்த சீன் நடிச்சுக் காட்டுனேன்னு அவங்க கேட்டாங்க. தல ஆட்டற சீன்னு சொன்னேன்.

ஏழு வருஷம் சார். ஏழு வருஷமும் என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. முதல் வருஷம் ஒரு நாள், மேக்கப்புக்கு முன்னாடி பசிக்குதேன்னு சாப்பாட்டு மேசைக்குப் போனேன். முட்டையும் பேக்கனும் எடுத்துட்டு உக்காந்தா ஒரு பையன் வந்து, சார், இது நடிகருங்க சாப்பிடற இடம், கூட்டத்துல நிக்கறவங்களுக்கு அந்தக் கூடாரம்னான். நான்தாம்பா குர்லாப்னேன். போன வாரமும் ஒருத்தர் அப்படித்தான் சொல்லிட்டு நாலு டோனட் தின்னுட்டுப் போனார்னு சொல்லித் தட்ட வாங்கிட்டான். அதுலேர்ந்து மாஸ்க்க மாட்டுனப்புறம்தான் சாப்பாட்டுக்கே போவேன். மாட்டுனா பேசற அளவுக்குத்தான் வாய் தொறக்கும், மெல்ல முடியாது, ஸ்ட்ராதான். சாப்பிட முடிஞ்சப்ப உள்ள விடல, உள்ள விட்டப்ப சாப்பிட முடியல. தக்காளி சூப்புலயே ஏழு வருஷம் ஓட்டுனேன்.

எங்க ஊர்ல அம்மா தெருவையே கூட்டி வச்சு டிவி பாப்பாங்க. பச்சை மண்டை ஒண்ணு வந்து நிக்கும். இதுல எதுங்க உங்க பையன்னு கேப்பாங்களாம். மூஞ்சியப் பாக்காத, இடுப்பப் பாரு, அது நம்ம ருஸ்நாக் குடும்பத்து இடுப்புன்னு அம்மா காட்டுவாங்களாம். தெருவே என் இடுப்பப் பாத்துக்கிட்டிருந்திருக்கு. ஊருக்குப் போனா இப்பவும் சில பேர் பின்னாடிலேர்ந்து பாத்துத்தான் ஹலோ சொல்லுவாங்க.

என்ன, விரல் மறுபடி நடுவுல போகுது? கன்னத்துல சுடுதா? சுடும் சார். அது இறுகுற சூடு. சுட்டா நல்லதுன்னு அர்த்தம். சுடலேன்னாத்தான் நோரீன் முகம் வாடும். மூச்ச மெதுவா விடுங்க. உள்ள போகுது, வெளிய வருது. மூக்கு ஓட்டை ரெண்டும் தெறந்துதான் இருக்கு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க மூக்கு முடிகூடத் தெரியுது. ஒரு நரை முடி இருக்கு. அச்சுல அதுவும் விழுந்தா குர்லாப்புக்கு மூக்கு முடி வந்துடும், நம்ம ரசிகருங்க அதுக்கு ஒரு வரலாறு எழுதிடுவாங்க.

சும்மா சொல்லல சார், எழுதிடுவாங்க. தும்மல் கதை உங்களுக்குத் தெரியும்ல? ஸ்கிரிப்ட்டுல பாத்திருப்பீங்களே, மூணாம் பக்கம், இங்கே கௌரவத் தும்மல்னு போட்டிருக்கும். அச்சுப் பிழைன்னு நெனச்சீங்களா? இல்ல சார். அது நான் செஞ்சது.

குர்லாப் பேசற மொழி இருக்கே, அத ஒரு பேராசிரியர் உக்காந்து தயார் பண்ணாரு. இலக்கணம் எல்லாம் உண்டு, ஆண்பால் பெண்பாலோட, கடல்ல வாழறதுக்குத் தனிப் பால். முதல் எபிசோட்ல சமாதானப் பேச்சு. எங்கள் ஏழு கடல்களும் உங்கள் கப்பலுக்கு வழி விடும், தலைவி அவர்களேன்னு சொல்லணும், அந்த மொழியில. ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணேன். ஷாட்டுல தலைவிங்கற சொல்ல எடுக்கறேன், பசை உருகி மூக்குல எறங்கிடுச்சு. தும்மிட்டேன். சின்னத் தும்மல் இல்ல. ஹ்ராக்ஷ்னு ஒண்ணு, ரப்பருக்குள்ள எதிரொலியோட. தும்மிட்டு, வேல போயிடுமேங்கற பயத்துல, தலையக் குனிஞ்சு கைய நெஞ்சுல வச்சுக்கிட்டேன். டைரக்டர் கட் சொன்னாரு. இன்னொண்ணு எடுக்கலாம் சார்னேன். நேரமில்ல, நல்லாத்தான் இருந்துது, அடுத்த செட்டுக்குப் போங்கன்னுட்டாரு. அவர் அன்னிக்கு ஹாக்கி மேட்ச் பாக்கப் போகணும்.

மறு வாரம் கடிதாசியா வந்து குவியுது. மரியாதைக்குரியவங்க பேருக்கு முன்னாடி குர்லாப் எழுப்பற அந்த ஒலிக்கு என்ன விதின்னு கேட்டு. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டாரு. என்னய்யா பண்ணி வச்சிருக்கன்னாரு. தும்மல் சார்னேன். பேனாவ எடுத்தாரு. சரி, இனிமே அது மரியாதை விகுதின்னு சொல்லி அகராதியில சேத்துட்டாரு. விகுதின்னா பின்னாடில்ல வரணும், நான் முன்னாடில்ல தும்முனேன்னு கேட்டேன். உனக்கு என் மொழியப் பத்தி என்ன தெரியும்னு கோவிச்சுக்கிட்டாரு.

இதுல கட்சி பிரிஞ்சிடுச்சு சார், கால்கரி மாநாட்டுல. ரசிகர் மாநாடு வருஷா வருஷம் நடக்கும், போகப் போறீங்க, பாப்பீங்க. பேருக்கு முன்னாடி தும்மறவங்க ஒரு பக்கம், பின்னாடி தும்மறவங்க ஒரு பக்கம். ரெண்டு பக்கத்துலயும் நல்ல படிச்சவங்க. ஒரு பல் டாக்டரும் ஒரு வக்கீலும் மைக்கப் புடிச்சுக்கிட்டு மாத்தி மாத்தித் தும்மறாங்க. நான் மேசையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். என்னை ஒருத்தரும் கேக்கல. ஏன் கேக்கணும்? என் மூஞ்சிதான் யாருக்கும் தெரியாதே. மேசையில குர்லாப் படம் அடுக்கி வச்சு, பக்கத்துல நான் பேனாவோட உக்காந்திருந்தா, எல்லாரும் வந்து, அவர் எப்பங்க வருவாருன்னு கேப்பாங்க. ஒரு தம்பதி கேமராவ என் கையில குடுத்து, குர்லாப் அட்டை உருவத்துக்குப் பக்கத்துல எங்கள ஒரு படம் எடுங்கன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். தல வெட்டுப்பட்டிருக்கு, இன்னொண்ணு எடுங்கன்னாங்க. எடுத்துக் குடுத்தேன்.

அதவிடக் கூத்து எட்மண்டன் மாநாட்டுல. எனக்கு நெசமாவே ஜலதோஷம். லிஃப்ட்ல ஏறறேன், உள்ள ரெண்டு பேர் பச்சை பெயிண்ட்டோட. தும்மிட்டேன். அவங்க திரும்பித் தும்முனாங்க. மறுபடி எனக்கு வந்துடுச்சு. அவங்க மறுபடியும், இன்னும் கொஞ்சம் குனிஞ்சு. பதினோராவது மாடி வரைக்கும் இப்படியே போச்சு. வெளிய வந்ததும் அதுல ஒருத்தர் கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னாரு, இவ்வளவு சுத்தமான உச்சரிப்ப நான் கேட்டதே இல்ல, எங்க படிச்சீங்கன்னு.

சார். சார், கைய விடுங்க. நாற்காலிப் பிடிய விடுங்க, என் கையப் புடிச்சுக்குங்க. இந்தாங்க. நல்லா இறுக்குங்க, எலும்பு உடைஞ்சாலும் பரவால்ல, மாவுக்கட்டு பக்கத்துலயே இருக்கு. தலைய மட்டும் ஆட்டாதீங்க. கட்டைவிரல் கீழ போகுது, பாத்தேன், பாத்தேன். மூச்சு வருது சார். உங்க மூக்குக்கு முன்னாடி இந்த டிஷ்யூ பேப்பரப் புடிச்சிருக்கேன், அது ஆடுது. நீங்க மூச்சு விட்டாத்தான் அது ஆடும். உள்ள இருட்டா இருக்கறதால இல்லைன்னு தோணுது, அவ்வளவுதான். பிரைஸ் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான், ஃபோன காதுல வச்சிருக்கான். இருக்கட்டும். அவனுக்கு அங்கேர்ந்து ரெண்டு கிழவனுங்க கை கோத்து உக்காந்திருக்கறது மட்டும்தான் தெரியும்.

நான் பேசறேன், நீங்க கேளுங்க. எங்க தெருவுல பெர்னிஸ்னு ஒரு அம்மா. ஒரு ரக்கூன், பூனையவிடப் பெருசா இருக்குமே அந்தத் திருட்டுப் பிராணி, வந்து அவங்க குப்பைத் தொட்டிய தெனம் கவுத்துடும். அவங்க மூடிமேல செங்கல் வச்சாங்க. அது செங்கல எடுத்துக் கீழ வச்சிட்டு, மூடியத் தெறந்து, தின்னுட்டு, மூடிட்டுப் போயிடுச்சு. மறுபடி செங்கல மேல வைக்கல, அதான் பெர்னிஸுக்குக் கோவம். அப்புறம் பூட்டு போட்டாங்க. அது அவங்க கார் மேல ஏறி உக்காந்துக்கிட்டு, வேலைக்குப் போக விடாம பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஆபீசுக்கு ஃபோன் பண்ணி லீவு கேட்டாங்களாம். காரணம் என்னன்னு கேட்டாங்களாம். ஒருத்தர் என் கார் மேல உக்காந்திருக்காருன்னாங்களாம். போலீசக் கூப்பிடுங்கன்னாங்களாம். தெரிஞ்சவருதான்னாங்களாம்.

ஆங். விரல் மேல வருது. அப்படித்தான். கை தளருது பாருங்க. விட்டுடாதீங்க, சும்மா வச்சுக்குங்க.

இந்தப் பேச்சு என் பேச்சு இல்ல சார். நான் இப்படிப் பேச மாட்டேன். இது கிளென்டா பேசற மாதிரி. என் சம்சாரமா இருந்தவ. எங்களுக்கு ஒரே ஒரு கார். விடியறதுக்கு முன்னாடி என்னை இங்க எறக்கி விட்டுட்டு அவ பேக்கரிக்கு வேலைக்குப் போகணும். உடனே போகாம, இங்க ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. அவங்க என் வாயப் பசையால ஒட்டுன நிமிஷத்துலேர்ந்து மண்டைய மாட்டி முடிக்கற வரைக்கும் பேசுவா. பக்கத்து வீட்டுப் பூனை, சால்மன் விலை, அவ அக்கா புருஷன் கூரையிலேர்ந்து விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. ஏழு வருஷம். நான் ஆடாம அசையாம உக்காருவேன். ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டுச்சு. எப்படி சார் இவ்வளவு நேரம் அசையாம இருக்கீங்கன்னு மாநாட்டுல கேப்பாங்க. தியானம்னு சொல்லுவேன். அதுக்கு ஒரு வகுப்புகூட எடுத்தேன் சார், ரெண்டு வருஷம். ‘குர்லாப்பின் அமைதி’ன்னு பேரு. கிளென்டா கடைசி வரிசையில உக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டே கேட்டா.

தொடர் முடிஞ்சுது. மண்டையக் கழட்டி வச்சாச்சு. வீட்டுக்கு வந்தா அவ பேசறா, நானும் பேசறேன். அவ ரெண்டு வார்த்த சொல்றதுக்குள்ள நான் மூணு சொல்லிடறேன். வாய் இருக்குல்ல இப்ப. வாய ஒட்டி வச்சாத்தான் நீ கேப்ப டெஸ்மண்ட், அதுக்கு நான் தெனமும் பசைக்கு எங்க போவேன்னா. கெலோனாவுக்குப் போயிட்டா. அங்க ஒருத்தர், வெந்நீர்த் தொட்டி விக்கிறவர், பேசவே மாட்டாராம். நல்ல மனுஷன்தான்.

போன வாரம் முதுகெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் உக்காந்தேன். நோரீன் வாயப் பூசினா, கண்ணப் பூசினா. அவ வேல செய்யறப்ப பேச மாட்டா. நான் காத்துக்கிட்டிருந்தேன் சார். இதோ ஆரம்பிக்கும், இதோ ஆரம்பிக்கும்னு. ஒண்ணும் ஆரம்பிக்கல. என் மூச்சு மட்டும் கேக்குது. ஏழு வருஷத்துல அத நான் கேட்டதே இல்ல. பிச்சுக்கிட்டு ஓடிட்டேன். ஒரு காதுல மாவுக்கட்டு தொங்க, பார்க்கிங்ல மழையில நின்னேன். செக்யூரிட்டி வந்து, சார், இது நடிகருங்க வண்டி நிறுத்தற இடம்னான்.

அப்புறம்தான் பிரைஸ்கிட்ட உங்க பேரச் சொன்னேன். நோரீன் யாரையாவது பேசச் சொல்லி வைங்கன்னா. நானே வரேன்னுட்டேன். வரேன்னு சொல்லிட்டேனே தவிர, எப்படிப் பேசறதுன்னு தெரியல. ஞாயித்துக்கெழம கிளென்டாவுக்கு ஃபோன் பண்ணேன். எப்படிப் பேசுவ நீ, கொஞ்சம் சொல்லுன்னேன். அதுல சொல்லித் தர என்ன இருக்குன்னு ஆரம்பிச்சா. நிறுத்தவே இல்ல. பெர்னிஸ், ரக்கூன், எல்லாம் அவ சொன்னதுதான், அவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கறாங்க. என் வீட்லேர்ந்து ரெண்டு வீடு தள்ளி நடந்தது எனக்குத் தெரியல. நான் நடுவுல பேசவே இல்ல சார். பேசணும்னுகூடத் தோணல. ஃபோன் சூடாயிடுச்சு, காத மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான். லைன்ல இருக்கியான்னு ரெண்டு தடவ சந்தேகப்பட்டுக் கேட்டா. என்ன வாய ஒட்டிக்கிட்டியான்னா. இல்ல, மூஞ்சில ஒண்ணுமில்லன்னேன்.

இதோ, நோரீன் தட்டிப் பாக்கறா. கேட்டுதா சத்தம்? கட்டையில தட்டற மாதிரி. இறுகிடுச்சு. இப்ப குனியுங்க சார், மெதுவா. நாங்க ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கோம். உள்ள மூஞ்சியக் கோணலாக்குங்க, கன்னத்த உப்புங்க, பழிப்புக் காட்டுங்க. நல்லாக் காட்டுங்க, பிரைஸ நெனச்சுக்குங்க. வருது. தாடை வந்துடுச்சு. மூக்கு, மூக்க மெல்ல. வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு சார். ஒரு கீறல் இல்ல. நோரீன் சிரிக்கறா பாருங்க, இத எல்லாரும் பாத்ததில்ல. பிரைஸ் ஃபோன வச்சுட்டான்.

இந்தாங்க துண்டு. புருவத்துல இருக்கு, தொடச்சுக்குங்க. தண்ணி குடிங்க.

அப்பலேர்ந்து ஏதோ சொல்லணும்னுதானே விரல நடுவுல வச்சு ஆட்டிக்கிட்டிருந்தீங்க? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.